நாற்பத்தொரு வார்த்தைதான் நிஜம்

அன்புள்ள கோவிந்தனுக்கு, ஜவ்வாது மலையின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும், இந்த மலைப்பாதை வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவனும், ஒரு காலத்தில் கொரியா தேசம் முழுவதையும் தனியொருவனாகக் காவல் காத்தவனுமான உன் சித்தப்பன் எழுதுவது. இதற்கு முன் இதே கடிதத்தை நான்கு தடவை எழுதி, நான்கையும் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்த நெருப்பிலேயே உன் சின்னம்மா ஒரு பானை சாமைச் சோறு வடித்துவிட்டாள், அவ்வளவு நீளம். இது ஐந்தாவது. லாரிக்குள் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன். நான்கு வரி எழுதுவதற்குள் என் கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கிப் போய் டயரை உதைத்துவிட்டு வருகின்றன. அந்த டயர் என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து நாற்பது உதையாவது வாங்கியிருக்கும்.

முதலில் விஷயம். நீ மதராஸில் கப்பலுக்குக் காத்திருக்கிறாய், இன்னும் எட்டு நாள் இருக்கிறது. உன் டிரங்குப் பெட்டியில் உன் தோல் மண்டி முதலாளி பாய் கொடுத்த ஒட்டிய உறை ஒன்று இருக்கும். கொரியாவில் பூசான் நகரத்தில் தோல் வாங்கும் பெரியவர் சோ கையில் நேரில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோமே, அது. அதைக் கொடுக்காதே. அதில் இருப்பது நான் சொல்லி எழுதவைத்த பொய். சின்னப் பொய் இல்லை. நான் வாழ்நாளில் சொன்ன பொய்களை எல்லாம் அடுக்கினால் நம் மலை அதற்கு முன் ஒரு கரையான் புற்று என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் குவியலில் பாம்பு இருப்பது இந்த ஒரு பொய்யில்தான். இந்தக் கடிதத்தை மதராஸ் போகும் மண்டி லாரியில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. டிரைவர் படிக்கட்டும், கிளீனர் படிக்கட்டும், வழியில் டீக்கடையில் உரக்கப் படிக்கட்டும். பொய்யைப் பத்துப் பேர் நடுவில் சொன்னவன் உண்மையை மட்டும் கோந்து போட்டு ஒட்டினால் நன்றாக இருக்காது.

நான் கொரியா போன கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய். ஆயிரம் தடவையும் வேறு வேறாகக் கேட்டிருப்பாய். இப்போது நிஜத்தைச் சொல்கிறேன். சண்டை ஓய்ந்த பிறகு கைதிகளைக் காவல் காக்க நம் பட்டாளத்தை அனுப்பினார்கள். நான் தண்ணீர் லாரி டிரைவர். அந்நாட்டு மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று எங்களைக் கப்பலிலிருந்து தும்பிப் பூச்சி போன்ற விமானத்தில் தூக்கிக்கொண்டு போய் முகாமில் இறக்கினார்கள் என்பது சத்தியமான உண்மை. நீ நம்பாமல் சிரித்த ஒரே உண்மையும் அதுதான். குளிர் எப்படி என்றால், வாயைத் திறந்து பேசினால் வார்த்தை உறைந்து காலடியில் விழும், மதியம் வெயில் வந்து அது உருகிய பிறகுதான் எதிராளிக்குக் கேட்கும். சரி, இது பொய். ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முள்வேலிக்கு அந்தப் பக்கம் கைதிகள். இந்தப் பக்கம் என் லாரி. நான் வந்து நின்றதும் "முல்! முல்!" என்று கத்துவார்கள். வேலி முள்ளைப் பற்றித்தான் முறையிடுகிறார்கள் என்று இரண்டு நாள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தெரிந்தது, அவர்கள் மொழியில் முல் என்றால் தண்ணீர். சொல்லிக்கொடுத்தவன் பாக் என்ற கைதி, என் வயதுதான், ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கு அதில் கால்வாசி தெரியும், மீதியைக் கைகள் பேசின. பனி படிந்த லாரிக் கண்ணாடியில் நான் விரலால் எழுத, வேலிக்குள்ளிருந்து அவன் தலையை ஆட்டித் திருத்துவான். அவர்கள் எழுத்து பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஒன்று அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். ஒன்று சின்னப் பெட்டி. ஒன்று வளையல். ஒன்று குடிசைக் கூரை. அரிவாளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு நிறுத்தினால் 'க'. நம் உயிரும் மெய்யும் சேர்கிற மாதிரியே சேரும். பதினைந்தே நாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். இதில் மிகை இல்லை, அந்த எழுத்து அவ்வளவு இலகு. படித்தது என்னவென்று புரியாது, அது வேறு விஷயம்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. பாக் சொன்ன முதல் சொற்களைக் கேள். அப்பாவுக்கு அப்பா. அம்மாவுக்கு ஒம்மா. நானுக்கு நா. நாளுக்கு நால். புல்லுக்குப் புல். மகனே, புல்லுக்குப் புல்! சோற்றுக்குப் பாப், தின்பதற்கு மொகொயோ, "நா பாப் மொகொயோ" என்றால் நான் சோறு தின்கிறேன், நாம் சொல்கிற வரிசையிலேயே. நாம் மரியாதைக்கு 'ங்க' போடுகிற மாதிரி அவர்கள் கடைசியில் ஒரு 'யோ' போடுவார்கள். சித்தப்பாவுக்கு அவர்கள் சொல்வதுகூட 'சின்ன அப்பா' என்றுதான், சாகுன் அபொஜி. இதையெல்லாம் கேட்டவுடன் உன் சித்தப்பன் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பைச் செய்தான்: கொரியா மொழி என்று தனியாக ஒன்று கிடையாது, குளிரில் நடுங்குகிற தமிழ்தான் அது. தமிழைக் கொஞ்சம் நடுங்கவிட்டால் போதும், மீதி தானாக வரும். இதை நான் விளையாட்டாக நினைக்கவில்லை. மனதார நம்பினேன். அதனால்தான் ஏழு மாதம் அங்கே இருந்தும் நாற்பத்தொரு வார்த்தையோடு நின்றுவிட்டேன். மேற்கொண்டு கற்பானேன், எல்லாம் நம்மிடம் இருக்கிறதே என்ற திமிர்.

ஊர் திரும்பினேன். நான் அங்கே இருந்தபோதே மலைக்காய்ச்சலில் உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மா உன்னைப் பெற்றபோதே போனவள். உனக்கு அப்போது ஏழு வயது. நீ பேசுவதை நிறுத்தியிருந்தாய், தின்பதையும் நிறுத்தியிருந்தாய். சின்னம்மா கேழ்வரகுக் களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உன் பின்னாலேயே நடப்பாள், நீ புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாய். உன் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. ஒரு நாள் எனக்கு என்ன தோன்றியதோ, உண்மையிலேயே எண்ணினேன், கொரியாவில். ஹானா, தூல், செத், நெத், தாசொத். ஐந்தாவது எலும்பில் நீ சிரித்துவிட்டாய். "இன்னா சொன்ன?" என்று கேட்டாய். நான் வந்த இரண்டு மாதத்தில் நீ முதன்முதலாகத் திறந்த வாய் அது. "ஒரு உருண்டை துன்னா ஒரு வார்த்தை" என்றேன். தின்றாய்.

அன்றிலிருந்து வேளைக்கு ஒரு வார்த்தை. நாற்பத்தொரு வார்த்தை எத்தனை நாள் வரும் என்று நீயே பார். இரண்டாவது வாரம் முடிவதற்குள் என் கொரியா கஜானா காலி. பதினைந்தாம் நாள் காலையில் நீ தட்டை முன்னால் வைத்துக்கொண்டு "இன்னைக்கு இன்னா வார்த்தை?" என்று உட்கார்ந்திருந்தாய். நான் என்ன செய்வேன்? தமிழை நடுங்கவிட்டேன். மழைக்கு மழாங். புளிக்குப் புளிங்யோ. லாரிக்கு லொரிம்னிதா. நீ நோட்டுப் புத்தகம் போட்டு எழுதிக்கொண்டாய். சின்னம்மா ஒரு நாள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"இன்னா மாமா, ஆட்டுக்கு ஆத்தோங்கின்னு சொல்ற? எந்த ஊரு பாஷை இது?"

"கொரியா பாஷைடி."

"எங்கூட்டு ஆடுகூட நம்பாது."

"ஆடு நம்பலன்னா பரவால்ல. புள்ள துன்றான் பாரு."

அவள் திரும்பி உன் தட்டைப் பார்த்தாள். மறுநாள் அவளே "ஆத்தோங்கிய அவுத்துக் கட்டுடா" என்று உன்னை அனுப்பினாள். ஜமுனாமரத்தூர் சந்தையில் பாதிப் பேர் புளிங்யோ என்ன விலை என்று கேட்கிற அளவுக்கு என் மொழி பரவியது. ஒரு தேசத்தின் மொழியை அந்தத் தேசத்துக்குத் தெரியாமலே நான் வளர்த்தேன். உன் நோட்டில் முந்நூற்றுச் சொச்சம் வார்த்தை இருக்கும். எனக்குத் தெரிந்த நாற்பத்தொன்றுதான் நிஜம், அதிலும் ஒன்று உன் நோட்டில் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். அவற்றைத் தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். மற்றதைக் கப்பலில் ஏறுமுன் மறந்துவிடு. உனக்குப் பத்து வயதானபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைப் பார்த்த பார்வையை இழக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதுவரைக்கும் இது குடும்பச் சிரிப்பு. நீ வாணியம்பாடியில் பாயின் தோல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்து, தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற ஆளாகி, "எங்க சித்தப்பாவுக்குக் கொரியா பாஷை தெரியும் பாய்" என்று பெருமையடித்தாயே, அன்றுதான் சிரிப்பு வேலியைத் தாண்டியது. பங்குனியில் பெரியவர் சோ தோல் பார்க்க வந்தார். இங்கிலீஷ் தெரிந்த அவருடைய குமாஸ்தா நம் வெயில் தாங்காமல் லாட்ஜில் சுருண்டுவிட்டான். நான் தோல் பதனிடும் கடுக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பாய் ஆளனுப்பினார். பங்குனி வெயிலில் என் பழைய பட்டாளக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஏதோ ராஜதூதன் போல உள்ளே நுழைந்தேன். நீயும் அங்கேதான் நின்றாய். உன் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"வாங்க டிரைவரே! ஒங்க கொரியாவக் கொஞ்சம் அவுத்து வுடுங்க, பாப்போம்" என்றார் பாய்.

அன்னியோங் ஹஷிம்னிக்கா என்று வணக்கம் சொன்னேன். அது நிஜமான வணக்கம், பாக் சொல்லிக்கொடுத்தது. பெரியவர் அசந்துபோனார். என் கோட்டைப் பார்த்தார், பொத்தானில் இருந்த சிங்கத்தைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மடை திறந்தது போலப் பேசினார். நடுவில் தோங்செங் என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது, அது என் நாற்பத்தொன்றில் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி மாதிரி நிறுத்தினார். நான் "நே" என்றேன். நே என்றால் ஆமாம். அவர் மறுபடி கேட்டார். "நே, நே" என்றேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னா சொல்றாரு?" என்றார் பாய்.

"நம்ம தோலு பட்டு மாதிரி இருக்காம் பாய். பொறந்ததுலேர்ந்து இப்டி ஒரு தோலப் பாக்கலியாம்."

"அதுக்கா அழுவுறாரு?"

"அவங்க ஊர்ல அப்டித்தான் பாய். சரக்கு புடிச்சுட்டா அழுதுடுவாங்க."

மண்டியே ஆரவாரித்தது. நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். நான் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்து, மலையேறும் வரை வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

ஆடி மாதம் பெரியவரிடமிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. அன்றைக்கு நீ பேரணாம்பட்டுக்குச் சரக்குப் பார்க்கப் போயிருந்தாய், உனக்குத் தெரியாது. பாயின் குமாஸ்தா படித்துத் தமிழில் சொன்னார். பெரியவருக்கு ஒரு தம்பி, அதுதான் அந்தத் தோங்செங். சண்டையில் பிரிந்தவன். நாங்கள் காவல் காத்த அந்த வேலிக்குள் அவன் இருந்ததாக ஒரு தகவல். கொரியாவின் வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்று சொன்ன கொஞ்சம் பேர் நம் தேசத்துக் கப்பலில் ஏறி மதராஸ் வந்தார்களே, அவர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. மண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது அதைத்தான். என் தம்பியைப் பார்த்தீர்களா, கப்பலில் ஏறினானா, உயிரோடு இருக்கிறானா? நான் மூன்று தடவை ஆமாம் சொல்லியிருக்கிறேன். ஊர் திரும்பியதும் தன் தாயாரிடம் சொல்லிவிட்டாராம். அந்தத் தாய் அன்றுமுதல் மூன்று வேளையும் சாப்பிடுகிறாளாம். அவனைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள், அதைக் கொண்டுவர உங்கள் மகனையே அனுப்புங்கள், அவனுக்கு இங்கே என் கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலை தருகிறேன் என்று எழுதியிருந்தார்.

உனக்குக் கிடைத்த வேலையின் வேர் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா? உன் விரல்களுக்கு உள்ள திறமைக்காக வந்திருந்தால் நான் பட்டாசு வெடித்திருப்பேன். அங்கேயே, குமாஸ்தா முன்னால், "எனக்கு ஒரு எழவும் புரியல பாய், சும்மா தலைய ஆட்டுனேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதை சொன்னேன். அவனும் நானும் ஒரே கப்பலில் வந்தோம், மாங்காய் ஊறுகாயை விரலில் தொட்டு நக்கினான், மதராஸில் இறங்கும்போது தமிழில் போய்ட்டு வர்றேன் என்றான், நம் தேசத்தில் வடக்கே எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்று. நான் வந்தது வேறு கப்பல். அந்த ஆட்களில் ஒருவனைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. குமாஸ்தா அதை இரண்டு பக்கம் இங்கிலீஷ் ஆக்கினார். பாய் உறையில் போட்டு ஒட்டினார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார்கள். நீ சட்டை தைத்துக்கொண்டாய்.

எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஏழு வயசுப் பிள்ளை பொய்யைத் தின்று பிழைத்தான், அந்தக் கிழவியும் பிழைத்துவிட்டுப் போகட்டுமே என்று. இந்த நியாயத்தை உன் சின்னம்மாவிடம் போன வாரம் பெருமையாகச் சொன்னேன். நீ மதராஸ் பஸ் ஏறிய மறுநாள். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, அந்தக் கோட்டு ஞாபகம் இருக்குதா?"

"எந்தக் கோட்டு?"

"ஒங்க அண்ணனுக்குன்னு வாங்கியாந்தியே."

கோவிந்தா, இதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை. உன் அப்பா இறந்தது ஐப்பசியில். தூர தேசத்தில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது, அவன் உடைந்துவிடுவான் என்று நம் ஆட்கள் முடிவெடுப்பார்களே, அப்படி முடிவெடுத்தார்கள். ஒடுகத்தூரில் கடிதம் எழுதித் தருகிறவரிடம் சின்னம்மா மாதாமாதம் போய் "அண்ணன் நலம், உன்னைக் கேட்டார்" என்று எழுதவைத்தாள். நான் அந்தக் கடிதங்களை வேலிக்குள் இருந்த பாக்குக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அண்ணனுக்குக் குளிர் ஆகாது என்று பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு ஒன்று சம்பாதித்து, கப்பல் முழுக்க அதைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தேன். மலையேறி வீட்டுக்கு வந்து, அதை விரித்துப் பிடித்துக்கொண்டு "அண்ணா" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து நீ மட்டும் வந்தாய்.

"அப்பொறம் ரெண்டு மாசம் எங்கூடப் பேசல நீ" என்றாள் சின்னம்மா. "செத்தத வுட, இருக்காருன்னு எழுதுனதுதாண்டி என்னக் கொன்னுடுச்சுன்னு சொன்ன. நாலு மாசம் அவரு இல்லாத நாள்ல அவர நெனச்சி சந்தோசமா இருந்தேனேன்னு தலயில அடிச்சிக்கின. நீ சொன்னதுதான் மாமா, நான் சொல்லல."

"அது வேற."

"இன்னா வேற? அந்தப் புள்ளைக்கு நீ குடுத்தது வார்த்த. அந்த அம்மாவுக்கு நீ குடுக்கறது புள்ள. இல்லாத புள்ள."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து போனவன்தான், அதற்குப் பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டே தின்கிறேன். ஏற்றாத லோடை இறக்கப் போகிறேன். தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம். இருந்தால் அவர்கள் அவனை உண்மையான இடத்தில் தேட வேண்டும். நான் கைகாட்டிய மதராஸ் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாய் உட்கார்ந்திருக்கக்கூடாது.

இன்று காலை வாணியம்பாடி போனேன். பாய் தொழுகை முடித்துவிட்டு மண்டிக்கு வந்துகொண்டிருந்தார். வாசலிலேயே நிறுத்தினேன்.

"பாய், எனக்குக் கொரியா பாஷை தெரியாது."

"தெரியும்."

"தெரியாது பாய்!"

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்யா. சரக்கு புடிச்சா அழுவாங்கன்னு சொன்னியே, அன்னிக்கே தெரியும். நாப்பது வருசமா யாவாரம் பண்றேன், சரக்கு புடிச்சவன் எவனும் மூஞ்சியக் காட்ட மாட்டான்."

"அப்பறம் எதுக்கு பாய் அந்தக் கடுதாசிய ஒட்டி அனுப்புனீங்க?"

அவர் தாடியைத் தடவினார். "பாஷைய நம்பல. கப்பல நம்பிட்டேன். ஒரு தாய் விசயத்துல மனுசன் பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். "அதுவும் பொய்யா?"

நான் தலையை ஆட்டினேன். ஆயிரம் பொய்க்கு அசையாத என் கழுத்து அந்த ஒரு ஆட்டத்துக்கு வலித்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. வாசல் கல்லில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆளு இனிமே நம்ம தோலத் தொட மாட்டான்."

"ஆமாம் பாய்."

"ஒம் பையனுக்கு வேல குடுக்க மாட்டான்."

"தெரியும் பாய்."

"தந்தி அடிச்சி வுட்டுடவா? பையன் போவ வாணாம்."

"தந்தியில ரெண்டு வார்த்தைல வந்து அந்தம்மா மேல வுழக்கூடாது பாய். எனக்கு அப்டி யாராச்சும் நேர்ல வந்து சொல்லியிருந்தா தேவலையேன்னு இருந்திச்சு."

பாய் யோசித்தார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும், போனால் திரும்பி வரும் செலவை மண்டி பார்த்துக்கொள்ளும், தோல் பார்க்கிற அவன் இடம் இங்கே அப்படியே இருக்கும் என்றார். எழுந்து போகும்போது, "ஒன்னய மட்டும் கொஞ்ச நாளு கண்ணுல காட்டாத டிரைவரே" என்றார். அது நியாயம்.

ஆக, மகனே, முடிவு உன் கையில். நீ கப்பல் ஏற வேண்டாம் என்று நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடு, நான் ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டேன். உன் சித்தப்பன் கிழித்ததை நீ எதற்குத் தைக்க வேண்டும்? நானே போயிருப்பேன். பாஸ்போர்ட் இல்லை, என் பெயரில் அந்தக் கதவு திறக்கவும் திறக்காது. ஆனால் உனக்குப் போக மனமிருந்தால், எப்படி என்று சொல்கிறேன். கொரியா பற்றி உனக்கு நான் தருகிற முதல் ஒழுங்கான பாடம் இது.

அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்று, அங்கும் நம்மைப் போலத்தான். நின்றபடி இடுப்பிலிருந்து குனிந்து அன்னியோங் ஹஷிம்னிக்கா சொல். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால். தோலைப் பற்றிப் பேச்செடுக்குமுன் இதைப் பேசு. இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தாவைக் கூட வைத்துக்கொள், ஆனால் முதல் வார்த்தையை நீயே அவர்கள் மொழியில் சொல். அதற்கு வேண்டிய ஒரு சொல்லை உனக்கு நான் கற்றுத்தரவே இல்லை. நாற்பத்தொன்றில் நான் மிக அதிகமாகக் கேட்டது அதைத்தான். எங்கள் மலையில் யானை மரமேறும் என்று நான் கைகாட்டிச் சொல்லும்போதெல்லாம் பாக் வேலியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்துச் சொல்வான்: கொஜின்மால்! பொய் என்று அர்த்தம். உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நாள் என்மேலேயே திருப்பிவிடுவாய் என்று மறைத்துவிட்டேன். இப்போது எழுதிக்கொள். "சாகுன் அபொஜி, கொஜின்மால்." என் சித்தப்பா சொன்னது பொய். இலக்கணம் சரியா என்று தெரியாது, அவருக்குப் புரியும். அடுத்து, "மியான் ஹம்னிதா." மன்னியுங்கள். தம்பி எங்கே என்று அவர் கேட்டால், "மொரும்னிதா." தெரியாது. இந்த மூன்றையும் தவிர வேறெதையும் அந்த வீட்டில் அழகாகச் சொல்ல முயற்சி செய்யாதே. அழகாகச் சொல்வது நம் குடும்ப வியாதி.

அவர் அந்தத் தாயிடம் சொல்ல விடுவாரா, மாட்டாரா என்பது அவர் பாடு. அதில் நீ தலையிடாதே. அவர் உன்னை வெளியே போகச் சொன்னால் போய்விடு. அழுதால், உடனே எழுந்துவிடாதே, அவர் முடிக்கும் வரை உட்கார்ந்திரு. அறைந்தாரானால் வாங்கிக்கொள், கையைத் தூக்காதே. அது உனக்கு வந்ததில்லை, முகவரி மாறி வந்தது. எந்தக் கன்னத்தில் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப்போடு.

இப்படிக்கு, உன்னைப் பெறாத,
சித்தப்பன்